மணி ஒலித்த கையும் பேசப் பழகிய நாவும்



பங்குத் திருவிழாவோ, அன்பியக் கூட்டமோ, பள்ளி ஆண்டு விழாவோ எதுவானாலும், "நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று ஒலிவாங்கியை நீட்டினால் நம்மில் பலர் ஓரடி பின்னால் போகிறோம். "எனக்குப் பேச வராது சாமி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டுகிறோம். வீட்டுத் திண்ணையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்களும் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பேச்சு என்பது பிறவியிலேயே சிலருக்கு வாய்த்த வரம், நமக்கு வாய்க்கவில்லை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்று நம் தென்தமிழக வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். இந்த மண்ணில் மக்கள் முன் நின்று பேசக் கற்றவர்கள் யார், எப்படிக் கற்றார்கள் என்று தெரிந்துகொண்டால், அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

தமிழருக்குப் பேச்சுக்கலை புதிதில்லை. திருக்குறளில் 'சொல்வன்மை' 65-ஆம் அதிகாரம். 'அவையறிதல்' 72-ஆம் அதிகாரம். 'அவையஞ்சாமை' 73-ஆம் அதிகாரம். பேச்சுக்கும் பேச்சு அச்சத்துக்குமாக முப்பது குறள்கள் இந்த மூன்று அதிகாரங்களிலேயே இருக்கின்றன. சபையைக் கண்டு நடுங்குவது நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆனால் அந்த அவை பெரும்பாலும் கற்றவர் கூடிய அவை, அரசன் வீற்றிருந்த அவை. மீன் பிடிக்கிறவரும், மண் வெட்டுகிறவரும், சுமை தூக்குகிறவரும், அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூட, அவர்கள் எல்லாரையும் பார்த்து ஒருவர் நின்று உரை நிகழ்த்தும் வழக்கம் நமக்குப் பின்னால் வந்தது. மதுரையில் தங்கித் தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பெர்னார்டு பேட், இந்தப் பொதுப்பேச்சு வழக்கம் வளர்ந்ததில் கிறிஸ்தவ மறையுரைகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்று எழுதியிருக்கிறார். அந்தக் கதையின் தொடக்கம் நம் ஊருக்குத் தெற்கே, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இருக்கிறது.

1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அங்கே கற்பித்தவர். ஆனால் முத்துக்குளித்துறையில் அவருடைய படிப்பு எதுவும் வாயைத் திறக்க உதவவில்லை. தமிழில் ஒரு வாக்கியம் தெரியாது. அவர் என்ன செய்தார் என்பதை அவரே தம் கடிதத்தில் விவரிக்கிறார். போர்த்துகீசும் தமிழும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து உட்காரவைத்தார். பல நாள் பாடுபட்டுச் செபங்களைத் தமிழில் ஆக்கினார்கள். அவற்றை அவர் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஒலித்துப் போய்ச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஏறக்குறைய ஒரு மாதம், அதே செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். கற்ற சிறுவர்கள் தங்கள் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் செய்த ஏற்பாடு.

இதை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். நம் திருச்சபை 'மறைபரப்புப் பணியின் பாதுகாவலர்' என்று போற்றும் அந்த மனிதர் இங்கே சொற்பொழிவாளராக வரவில்லை. கேட்பவர்களுடைய மொழிக்கு முன்னால் ஒரு மாணவராக நின்றார். எழுதிவைத்து, மனத்தில் பதித்து, எளிமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவருக்குப் பின் அந்தக் கரையில் உழைத்த இயேசு சபைக் குரு அன்றீக்கே அன்றீக்கஸ் அடுத்த படியைத் தாண்டினார். மொழிபெயர்ப்பாளர் துணையில்லாமல் மக்களிடம் தமிழிலேயே பேசும் அளவுக்குத் தேறினார். தமிழ் கற்க வரும் மற்றக் குருக்களுக்காக இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சிடப்பட்ட முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். மொத்தம் 16 பக்கங்கள்தான். மக்கள் கையில் வைத்துப் படிக்கவும், வாய்விட்டுச் சொல்லவும், மனத்தில் நிறுத்தவும் 16 பக்கங்கள் போதும் என்று அவர்கள் கருதினார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் திரிதெந்து பொதுச்சங்கம் கூடியிருந்தது. 1546-இல் அது வெளியிட்ட ஆணை, பங்குக் குருக்கள் ஞாயிறுகளிலும் பெருவிழாக்களிலும் மக்களுக்குப் போதிக்க வேண்டும் என்றது. எப்படிப் போதிக்க வேண்டும் என்பதையும் சொன்னது: சுருக்கமாகவும் எளிய சொற்களிலும். நீண்ட பேச்சின் ஆபத்தை விவிலியமே நமக்குக் காட்டியிருக்கிறதே! துரோவா நகரில் புனித பவுல் நள்ளிரவுவரை பேசிக்கொண்டே போக, சன்னலில் உட்கார்ந்திருந்த யூத்திகு என்ற இளைஞர் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்த கதையைத் திருத்தூதர் பணிகள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பவுலுடைய மறையுரைக்கே தூக்கம் வந்தது என்றால் மற்றவர்கள் பேச்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2024-இல் திருத்தந்தை பிரான்சிஸ், மறையுரை எட்டு நிமிடங்களுக்கு மேல் போக வேண்டாம் என்று சொன்னபோது, ஏறக்குறைய 500 ஆண்டு பழைய அறிவுரையைத்தான் கடிகாரம் வைத்துச் சொன்னார்.

கடற்கரையிலிருந்து இனி உள்நாட்டுக்கு வருவோம். 1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தமிழும் வடமொழியும் கற்றார். கற்றவர்களோடு அமர்ந்து வாதிட்டார். தமிழ் உரைநடையில் நூல்கள் எழுதினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் வீரமாமுனிவர். நம் விருதுநகரிலிருந்து சாத்தூர் வழியாகத் தெற்கே போனால் கோவில்பட்டிக்கு அருகே இருக்கும் காமநாயக்கன்பட்டியில் அவர் பணியாற்றினார். அவரை 'தேம்பாவணி' பாடிய புலவராகத்தான் நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். பேச்சைப் பற்றி யோசிக்கும்போது அவருடைய வேறு இரண்டு பணிகளை நினைக்க வேண்டும்.

முதலாவது, அவர் செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதோடு நிற்கவில்லை. மக்கள் அன்றாடம் பேசுகிற கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். புலவரிடம் பேச ஒரு தமிழ், சந்தையில் பேச ஒரு தமிழ் என்று இரண்டு இருப்பதைக் கண்டு, இரண்டையும் கற்க வேண்டியவையாக மதித்தார். அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையார். அவர்களோடு வீரமாமுனிவர் கடுமையாகச் சொற்போர் நடத்தியவர். ஆனாலும் நூல் நல்லது என்று கண்டு அவர்கள் அச்சிட்டார்கள்.

இரண்டாவது, 'வேதியர் ஒழுக்கம்' என்ற நூல். வேதியர் என்றால் நம் உபதேசியார்கள். ஊர் ஊராக நடந்து, குரு வராத நாட்களில் செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைச் சந்தித்து, கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் சொன்னவர்கள் அவர்கள். ஒரு குரு பல நாள் நடந்து பார்க்க வேண்டிய அளவுக்கு ஊர்கள் சிதறிக் கிடந்த காலத்தில், நம் முன்னோர்கள் அதிகமாகக் கேட்டது வெளிநாட்டுக் குருவின் குரலை இல்லை. பக்கத்து ஊர் உபதேசியாரின் குரலைத்தான். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் எப்படி வாழ வேண்டும் என்றுதான் வீரமாமுனிவர் அந்த நூலில் எழுதினார். பேசுகிறவருடைய வாழ்க்கை சரியாக இருந்தால்தான் பேச்சு நிற்கும் என்று அவர் கண்டிருக்க வேண்டும்.

தரங்கம்பாடியைப் பற்றிச் சொன்னோம். 1706-இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்குவும் இதே வழியில்தான் போனார். திண்ணைப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகினார். சபைகள் வேறானாலும் பாடம் ஒன்றே: பேச வந்தவர் முதலில் கேட்கப் பழகினார்.

இந்தக் கலை கிறிஸ்தவர்களிடமே தங்கிவிடவில்லை என்பதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்ட் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர் நல்லூர் ஆறுமுகம். மறையுரை எப்படி அமைகிறது, எப்படி மக்களைக் கட்டி நிறுத்துகிறது என்பதை அவர் அருகிலிருந்து பார்த்தார். 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தம் முதல் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் சைவப் பிரசங்கம் நடந்தது. கிறிஸ்தவ மறைபரப்பை எதிர்த்தே அவர் பேசினார். பேசிய முறையை மட்டும் நம்மவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்று பட்டம் தந்தது. நமக்கு எதிராகப் பேசியவராயிற்றே என்று நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. எல்லாரும் கேட்க, எல்லாருக்கும் விளங்கப் பேசும் கலை எந்த ஒரு சமயத்துக்கும் தனிச்சொத்து இல்லை. கற்றுக்கொண்டவருக்கு அது சொந்தம்.

அப்படித்தான் அது கோவில் வளாகத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. 1907-இல் வங்கத்துத் தலைவர் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய உரைகள் பெரும் எழுச்சியை உண்டாக்கின. ஆனால் அவை ஆங்கில உரைகள். அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் பேசியது தமிழில். ஆலைத் தொழிலாளியும் வண்டிக்காரரும் துறைமுகக் கூலியும் நின்று கேட்டார்கள். 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கைகளில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது அந்தத் தொழிலாளர்கள் கேட்டுப் போராடிப் பெற வேண்டியதாக இருந்தது என்பதை, ஞாயிறு தோறும் கோவிலுக்கு வருகிற நாம் மறக்கக் கூடாது. வேலைநிறுத்தம் வென்றது.

அந்தப் பேச்சுக்குக் கொடுத்த விலையும் பெரிது. மார்ச் மாதம் இருவரும் கைதானார்கள். திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தபோது துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்கள் மேடையில் பேசிய சொற்களே நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிரான சான்றாயின. 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், 40 ஆண்டு. சிவாவுக்கு 10 ஆண்டு. மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை குறைந்தாலும், சிறையில் அவர் செக்கிழுத்ததை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1918 ஏப்ரலில் சென்னையில் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, தலைவர் பி.பி.வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவருடைய ஆங்கிலப் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டியிருந்தது. வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த திரு.வி.க. போன்றவர்கள் அந்தத் தொழிலாளர் மேடைகளில் நல்ல தமிழைக் கொண்டுவந்தார்கள்.

இனி நம் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புவோம். சூலக்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் விருதுநகர் அன்று விருதுபட்டி. 1903 ஜூலை 15-இல் அங்கே பிறந்த காமராசர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவர். அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தவை பொதுக்கூட்டங்கள். வரதராஜுலு நாயுடு, ஜார்ஜ் ஜோசப் போன்றவர்களின் பேச்சைக் கேட்டுத்தான் அவர் பொதுவாழ்வுக்கு வந்தார். அவருடைய வழிகாட்டியான சத்தியமூர்த்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்பெற்ற நாவலர். காமராசரோ அடுக்குமொழி அறியாதவர். சின்னச் சின்ன வாக்கியம். தெருவில் பேசுகிற அதே தமிழ். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் முடித்துவிடுவார். அப்படிப் பேசியவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். பள்ளியில் மதிய உணவு ஏன் வேண்டும் என்பதை அவர் எந்த அலங்காரமும் இல்லாமல் மக்களிடம் சொன்னார். மக்களும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எளிய பேச்சு எப்போதும் வெல்லும் என்று சொல்ல நாம் இதைச் சொல்லவில்லை. அண்ணாவின் அழகுத் தமிழ் தமிழகத்தைக் கட்டிப்போட்ட காலம் அது. அந்த மேடைகளில் வளர்ந்த ஒரு தலைமுறை 1967 தேர்தலில் ஆட்சியைப் பிடித்தது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தேர்தலுக்குப் பல காரணங்கள் உண்டு. பேச்சு அவற்றில் ஒன்று. அழகான பேச்சும் ஒரு வலிமைதான். ஆனால் அழகாகப் பேச வராதவரும் பேசலாம், பேசி ஒரு நாட்டுக்கே சோறு போடலாம் என்பதற்கு நம் ஊர் மனிதரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அன்பார்ந்தவர்களே, இந்த 500 ஆண்டுக் கதையை ஏன் சொல்கிறோம்? நம் பகுதியில் பேச்சு என்பது மேடை அலங்காரத்துக்கு மட்டும் வேண்டியதாக இல்லை. நம் வீடுகளிலிருந்து விடியற்காலையில் எத்தனை பேர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேனில் ஏறிப் போகிறார்கள்! 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்ததை நாம் மறக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அன்று உயிரிழந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். ஓர் அறையில் இருக்க வேண்டிய அளவைவிட ஆள் கூடுதலாக இருக்கிறார்கள், மருந்து கூடுதலாகக் குவிந்து கிடக்கிறது, வெயில் ஏறிய பிறகும் மருந்து வேலை நடக்கிறது என்பது அங்கே இருப்பவர் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறப்பது கடினம். "நான் சொல்லி என்ன ஆகப்போகுது", "எனக்கென்ன பேசத் தெரியும்", "நாளைக்கு வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டா?" என்ற தயக்கம் தொண்டையில் நிற்கிறது. அந்தத் தயக்கத்தில் கடைசிப் பகுதிக்குத் தனி ஒருவர் பதில் சொல்ல முடியாது. பலர் சேர்ந்து நின்றால்தான் முடியும். நடுப்பகுதிக்கு, 'பேசத் தெரியாது' என்பதற்கு, நாம் ஏதாவது செய்யலாம்.

நம் சுற்றுவட்டார ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடிநீரோ, தெருவிளக்கோ, நூறு நாள் வேலையின் கூலி பாக்கியோ, சுடுகாட்டுப் பாதையோ, எதைப் பற்றியும் எவரும் எழுந்து கேட்கலாம். பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவது வழக்கமாகிவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் அவர்கள்; தண்ணீரைப் பற்றி அவர்களைவிட நன்றாகப் பேசக்கூடியவர் யார்?

சவேரியாரிடமிருந்து காமராசர்வரை நாம் பார்த்தவர்கள் செய்தது நமக்கும் கைக்கெட்டும் காரியம்தான். பேசப்போவதை முதல் நாளே ஒரு தாளில் எழுதுவோம். ஐந்து வரி போதும். யார் கேட்கப்போகிறார்கள் என்று யோசித்து, அவர்களுக்குத் தெரிந்த சொல்லில் எழுதுவோம். அதை வீட்டில் ஒருவரிடம் உரக்கச் சொல்லிப் பார்ப்போம். அவருக்கு விளங்காத இடத்தை மாற்றுவோம். எந்தத் தெரு, எத்தனை நாளாக, எத்தனை வீடு என்று கணக்கோடு சொல்வோம். கணக்கு இருக்கும் பேச்சைத் தட்டிக்கழிப்பது கடினம். என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுவோம், ஏன் என்பதைப் பிறகு சொல்வோம். கை நடுங்கினால் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வோம். முடிந்ததும் உட்கார்ந்துவிடுவோம். நாம் பேசும்போது பக்கத்தில் இன்னும் நாலு பேர் எழுந்து நின்றால் அந்தப் பேச்சுக்கு எடை கூடும். ஆகவே தனியாகப் போக வேண்டாம், அன்பியமாகப் போவோம்.

பழகுவதற்கு நம் கோவிலே நல்ல இடம். ஞாயிறு வாசகத்தை எப்போதும் ஒரே நாலு பேர் வாசிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வாசகத்தை முந்தின இரவே இரண்டு முறை வாய்விட்டு வாசித்துவிட்டு வரலாம். விசுவாசிகள் மன்றாட்டைச் சொந்தச் சொல்லில் எழுதிவரலாம். அன்பியக் கூட்டத்தில் வாரம் ஒருவர் மூன்று நிமிடம் தம் தெருவைப் பற்றிப் பேசலாம். மறைக்கல்வியில் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடலாம். தட்டுத்தடுமாறிப் பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கேட்கிற நம் எல்லாருடைய கடமை. ஒரு சிரிப்பு ஒருவருடைய வாயை முப்பது ஆண்டுக்கு மூடிவிடும்.

தமக்கு நாக்குத் திக்கும் என்று சொல்லி மோசே ஆண்டவரிடம் தயங்கி நின்றதை விடுதலைப் பயண நூலில் வாசிக்கிறோம். ஆண்டவர் அவரை விட்டுவிடவில்லை; பேச்சாளரான அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்துப் பார்வோனிடம் அனுப்பினார். அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்காக அந்தத் திக்குவாய் அரண்மனையில் ஒலித்தது. நம்மில் பேசத் தெரிந்தவர்கள் ஆரோனாகத் துணை நிற்போம். தயங்குகிறவர்கள் மோசேயாகப் புறப்படுவோம். அடுத்த கிராம சபைக்கு நம் பங்கிலிருந்து இதுவரை பேசாத ஒருவராவது, ஐந்து வரி எழுதிய தாளோடு போகட்டும். நம் நாவுகளை உண்மைக்காகத் திறக்கும் துணிவை இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.